பூச்சிக்கண் ஒளியையும் அதன் தளவிளைவையும் உணர்வது எப்படி: ஒரு ஃபோட்டானைப் பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

தேனீயும் எறும்பும் வானத்து ஒளியின் தளவிளைவை (ஒளி அலை ஒரு கோணத்தில் மட்டும் ஓங்கி அதிர்வதை) வைத்து வழி கண்டுபிடிக்கின்றன என்று படித்ததும், நமக்கு இல்லாத ஏதோ ஒரு தனி உறுப்பு அவற்றுக்கு இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. ஒளியைப் பிடிக்கும் செல்லின் வடிவமே தளவிளைவை உணர வைத்துவிடுகிறது. சொல்லப்போனால், தேவையில்லாத இடத்தில் அதை உணராமல் இருப்பதுதான் பூச்சிக்கண்ணுக்குச் சிரமமான வேலை. இதை ஒவ்வொரு படியாகக் காட்டப் பார்க்கிறேன். பிளஸ் டூ இயற்பியலும் உயிரியலும் நினைவிருந்தால் போதும்.

படி 1: முதலில் வானத்தை நீங்களே பாருங்கள்

ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம், ஒளி செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் இந்த அதிர்வு எல்லாக் கோணங்களிலும் கலந்திருக்கும். அதே ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது ஒரு கோணத்து அதிர்வு மற்றவற்றைவிட ஓங்கி நிற்கிறது. அதுதான் தளவிளைவு (இலங்கைப் பாடநூல்களில் முனைவாக்கம்). ஓங்கி நிற்கும் அந்தக் கோணத்தை இங்கே அதிர்வுத்திசை என்று சொல்கிறேன்.

இதைப் பார்க்க ஒரு துண்டு போலராய்டு தாள் வேண்டும். போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தாலும் சரி. தியேட்டரில் கொடுக்கும் 3டி கண்ணாடிகளில் பல, வட்டத் தளவிளைவுக்காக (அதிர்வுத்திசை ஓரிடத்தில் நில்லாமல் சுழலும் வகைக்காக) செய்தவை. அவற்றை வழக்கம்போல் மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தால் வானத்தில் எந்த மாற்றமும் தெரியாது. திருப்பிப் பிடித்து, கண்ணை ஒட்டி இருக்கும் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைத்துச் சுழற்றினால் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் லேப்டாப் திரை முன் சுழற்றிப் பாருங்கள். எல்சிடி திரையாக இருந்தால் ஒரு கோணத்தில் இருண்டுவிடும்.

மேகமில்லாத காலை, சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கும் நேரம். தலைக்கு நேர் மேலே பார்த்து, தாளை மெதுவாகச் சுழற்றுங்கள். நீலம் ஒரு கோணத்தில் கறுத்து, 90 டிகிரி திருப்பியதும் வெளுக்கும். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி உள்ள பட்டையில்தான் இந்த வேறுபாடு மிக அதிகம். சூரியனுக்கு அருகே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். சூரியனை மட்டும் தாள் வழியாகப் பார்க்கவே வேண்டாம், கண் கெட்டுவிடும்.

அந்த நேரத்தில் உச்சி வானத்தின் அதிர்வுத்திசை வடக்கு தெற்காக இருக்கும், அதாவது சூரியன் இருக்கும் திசைக்குக் குறுக்காக. சூரியன் ஏற ஏற முழு வானத்துக் கோலமும் அதனுடன் சேர்ந்து நகரும். சூரியனை மலையோ மரமோ மறைத்திருந்தாலும், ஒரு துண்டு நீல வானம் தெரிந்தால் சூரியன் எந்தப் பக்கம் என்று கணக்கிட்டுவிடலாம். துனிசியாவின் கைரவான் நகரில் வாழ்ந்த சுவிஸ் மருத்துவர் ஃபெலிக்ஸ் சான்ட்ஷி, எறும்புகள் ஒரு துண்டு வானத்தை மட்டும் பார்த்தே திசை பிடிப்பதை 1923-இல் பதிவு செய்தார். அந்த வானத்துண்டில் எறும்பு எதைப் பார்க்கிறது என்ற கேள்விக்கு 1949-இல்தான் பதில் வந்தது. தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ், தேனடையைக் கிடையாக வைத்து, உணவு இருக்கும் திசையைக் காட்ட ஆடும் தேனீக்களுக்கு மேலே ஒரு போலராய்டு தாளைச் சுழற்றினார். தாள் திரும்பியபோது நடனத்தின் திசையும் திரும்பியது.

படி 2: கண்ணுக்குள் எங்கே பார்க்க வேண்டும்

கூட்டுக்கண் பல சிறுகண்களால் ஆனது. பழ ஈக்கு ஒரு பக்கத்துக்கு 750-க்குச் சற்று மேல், வேலைக்காரத் தேனீக்கு ஐயாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு சிறுகண்ணிலும் மேலே ஒரு லென்ஸ், அடியில் நெடுக்காக அடுக்கிய ஒளியுணர் செல்கள். பழ ஈயில் 8, தேனீயில் 9.

இந்தச் செல்லின் ஒரு பக்கம் மட்டும் பல்லாயிரம் நுண்குழல்களாக நீண்டிருக்கும். உயிரியலில் மைக்ரோவில்லை என்பார்கள். பழ ஈயின் ஒரு செல்லில் சுமார் 30,000 நுண்குழல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம், அகலம் ஒரு மைக்ரோமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவு. அதன் சவ்வில் ஏறத்தாழ ஆயிரம் ரோடாப்சின் மூலக்கூறுகள் பதிந்திருக்கும். நுண்குழல்கள் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் படி முழுவதும் இதை நம்பியே இருக்கிறது.

படி 3: ஃபோட்டான் விழுந்ததும் நடப்பது

ரோடாப்சினுக்குள் ரெட்டினால் வகையைச் சேர்ந்த ஒரு நீண்ட சிறு மூலக்கூறு வளைந்த நிலையில் பூட்டியிருக்கும். ஃபோட்டானை உறிஞ்சியதும் அது நிமிர்கிறது. அந்த அசைவில் அதைச் சுற்றியுள்ள புரதமும் உருமாறி மெட்டாரோடாப்சின் ஆகிறது. அது ஒரு ஜி புரதத்தைத் தூண்ட, ஜி புரதம் ஃபாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது. நொதி, சவ்வில் உள்ள பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறுகளை வெட்டுகிறது. டிஆர்பி, டிஆர்பிஎல் என்ற இரண்டு வகை அயனி வாயில்கள் திறக்கின்றன. கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்கின்றன.

கொழுப்பை வெட்டினால் வாயில் ஏன் திறக்க வேண்டும்? நெடுநாள் இழுபறியாக இருந்த கேள்வி இது. கேம்பிரிட்ஜின் ரோஜர் ஹார்டியும் கிறிஸ்டியன் ஃபிரான்ஸேயும் 2012-இல் ஒரு வியப்பான அளவீட்டை வெளியிட்டார்கள். ஒளி பட்டதும் பழ ஈயின் ஒளியுணர் செல்கள் உண்மையிலேயே சுருங்குகின்றன. பிஐபி2-வின் பருத்த தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போவதால் சவ்வு இறுகுகிறது, அந்த இழுவிசை வாயிலைத் திறக்க உதவுகிறது, கூடவே வெளியாகும் புரோட்டான்களும் துணை செய்கின்றன என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். ஒளியைப் பார்ப்பதில் ஒரு பகுதி இயந்திர வேலை என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி.

இந்த வாயிலின் கதையும் பெரியது. ஒளியில் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குருடாகிவிடும் ஒரு பழ ஈ வகையை 1969-இல் கண்டுபிடித்தார்கள். கோளாறு டிஆர்பி மரபணுவில் இருந்தது. 1989-இல் அந்த மரபணுவைப் படித்து முடித்தார்கள். அதே குடும்பத்து வாயில் ஒன்றுதான் நம் நாக்கில் மிளகாயின் காரத்தை உணர வைக்கிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு ஃபோட்டான் ஒரே ஒரு நுண்குழலைத் தூண்டுகிறது. அதன் விளைவாகச் செல்லில் சிறிய மின்துடிப்பு ஒன்று எழுகிறது, நுண்மின்முனையால் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக. வெளிச்சம் கூடினால் இந்தத் துடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான மின்மாற்றம் ஆகின்றன. நம் கண்ணில் ஒளி பட்டால் செல்லின் மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாகிறது, பூச்சியில் நேர்மாறாக உயர்கிறது. உள்ளே வந்த கால்சியமே பின்னர் வாயில்களை அடக்கிவிடுகிறது. ஈக்களின் பார்வை அத்தனை வேகமாக இருப்பதற்கு இந்த உடனடி அடக்கம் முக்கியக் காரணம். செல்லின் மறுமுனையில் வெளியாகும் ஹிஸ்டமின், அடுத்த நரம்புச் செல்லுக்குச் செய்தியைக் கொண்டு போகிறது.

ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பூச்சியின் மெட்டாரோடாப்சின் சிதைவதில்லை. இன்னொரு ஃபோட்டானை உறிஞ்சினால் மீண்டும் ரோடாப்சின் ஆகிவிடும். பழ ஈயின் முதன்மை ரோடாப்சின் நிறமி 480 நானோமீட்டர் நீலத்தை விரும்புகிறது, அதன் மெட்டா வடிவம் 570-580 நானோமீட்டர் ஆரஞ்சை. வெள்ளைக்கண் ஈயின் (கண்ணில் ஒளியை மறைக்கும் நிறமி இல்லாத வகை) மேல் நீல ஒளியை மட்டும் கொட்டினால், விளக்கை அணைத்த பிறகும் செல் தூண்டப்பட்ட நிலையிலேயே நின்றுவிடும். இடையிடையே ஆரஞ்சு ஒளி கொடுத்து மீட்க வேண்டும்.

படி 4: குழலின் வடிவமே தளவிளைவை உணர்த்துகிறது

ரெட்டினால் நீளமானது. அதன் நெடுக்கு அச்சும் ஒளியின் மின்புலமும் ஒரே திசையில் இருந்தால் உறிஞ்சுதல் உச்சம், செங்குத்தாக இருந்தால் சுழியம். இடைப்பட்ட கோணங்களில் கொசைன் வர்க்கப்படி மாறும். ரோடாப்சினில் ரெட்டினால் ஏறத்தாழச் சவ்வின் தளத்திலேயே படுத்திருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சவ்வுக்குள் ரெட்டினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக் கிடக்கட்டும். மின்புலம் சவ்வின் தளத்தில் இருந்தால், சராசரி உறிஞ்சுதல் 1/2. அந்தச் சவ்வைக் குழலாகச் சுருட்டுங்கள். மின்புலம் குழலின் நெடுக்கில் இருந்தால், குழலின் சுவர் எங்கும் அது சவ்வுத் தளத்துக்குள்ளேயே அமைகிறது, எனவே 1/2. மின்புலம் குழலுக்குக் குறுக்காக இருந்தால், சுவரின் சில பகுதிகளில் அது சவ்வோடு படிந்து 1/2 தரும், சில பகுதிகளில் சவ்வைக் குத்தி நின்று 0 தரும். சுற்று முழுவதும் சராசரி 1/4. ஆக நெடுக்கு ஒளிக்கும் குறுக்கு ஒளிக்கும் இடையே 2-க்கு 1 என்ற வேறுபாடு. மூலக்கூறுகளை வரிசைப்படுத்தவே இல்லை, குழலாகச் சுருட்டியது மட்டும்தான். மூடி, பாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1961-இல் ஆக்டோபஸ் கண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். மூலக்கூறுகள் குழலின் நெடுக்கில் ஓரளவு வரிசைப்பட்டுவிட்டால் விகிதம் இன்னும் உயரும்.

நம் கண்ணின் கோல் செல்லில் சவ்வுகள் தட்டையான வட்டத்தகடுகளாக, ஒளிக்குக் குறுக்கே அடுக்கியிருக்கின்றன. அதில் எந்த அதிர்வுத்திசையும் ஒன்றுதான், நாம் தளவிளைவைத் தவறவிடுகிறோம். (ஹைடிங்கர் 1844-இல் விவரித்த மங்கலான மஞ்சள் தூரிகை வடிவம் நமக்கும் தெரியத்தான் செய்கிறது. அது விழித்திரையின் மஞ்சள் புள்ளியில் உள்ள நிறமியின் வேலை, ஒளியுணர் செல்லுடையது அல்ல.)

படி 5: உணராமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு

பளபளக்கும் இலையும் ஈர மண்ணும் பிரதிபலிக்கும் ஒளி தளவிளைவுற்றது. பச்சையை உணரும் செல்லும் நீலத்தை உணரும் செல்லும் வெவ்வேறு கோணங்களில் தளவிளைவை உணர்ந்தால், ஒரே இலை காற்றில் ஆடும்போதெல்லாம் நிறம் மாறித் தெரியும். பூவைத் தேடும் தேனீக்கு இது பெரும் குழப்பம். பாப்பிலியோ இனப் பட்டாம்பூச்சிகள் இந்தக் குழப்பத்தோடே வாழ்கின்றன. தளவிளைவு அவற்றின் நிறத்தேர்வை மாற்றுவதை ஆல்முட் கெல்பர் சோதனைகளில் காட்டினார்.

தேனீயும் ஈயும் வேறு வழி எடுத்தன. கண்ணின் பெரும்பகுதியில் ஒளியுணர் செல்கள், திரித்த கயிறு போல நெடுக முறுக்கிக்கொண்டு போகின்றன. மேலே ஒரு கோணத்தில் இருக்கும் நுண்குழல்கள் கீழே வேறு கோணத்தில் இருப்பதால், செல் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்த அதிர்வுத்திசைக்கும் சலுகை இல்லை. ரூடிகர் வேனரும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் தேனீயில் இதை விளக்கினார்கள்.

கண்ணின் மேல் விளிம்பில், வானத்தைப் பார்க்கும் ஒரு சிறு பட்டையில் மட்டும் முறுக்கு இல்லை. முதுகுப்புற விளிம்புப் பகுதி என்று இதைச் சொல்லலாம். மொத்தச் சிறுகண்களில் சில சதவீதமே இங்கே உள்ளன. ஆனாலும் இதை மட்டும் பெயின்ட் பூசி மறைத்தால், மீதிக் கண் முழுவதும் திறந்திருந்தும் தேனீ வானத்துத் தளவிளைவைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. நுண்குழல்கள் இங்கே நேராக, இரண்டு தொகுதிகளாக, ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் அமைந்திருக்கின்றன.

பழ ஈயில் இந்த ஏற்பாட்டின் அழகு முழுதாகத் தெரியும். கண்ணின் மற்ற இடங்களில் ஆர்7, ஆர்8 என்ற இரண்டு உட்செல்களும் வெவ்வேறு நிறமி கொண்டவை. நிறத்தை ஒப்பிடுவது அவற்றின் வேலை, அதனால் தளவிளைவு அழிக்கப்படுகிறது. விளிம்பில் இரண்டுக்கும் ஒரே புற ஊதா நிறமி. தளவிளைவை ஒப்பிடுவது வேலை என்பதால் அங்கே நிறம் அழிக்கப்படுகிறது. ஹோமோதோராக்ஸ் என்ற ஒரு மரபணு விளிம்பில் மட்டும் இயங்கி இந்த மாற்றத்தைச் செய்கிறது. அதைக் கண் முழுவதும் இயங்கச் செய்தால், கண் முழுவதிலும் உட்செல்கள் விளிம்பு வகையாகிவிடுகின்றன என்று 2003-இல் காட்டினார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆர்7 மேலே, ஆர்8 கீழே. ஆர்7 தனக்குரிய அதிர்வுத்திசையை உறிஞ்சிக்கொள்வதால், கீழே இறங்கும் ஒளியில் ஆர்8-க்குரிய திசையின் பங்கு கூடிவிடுகிறது.

படி 6: இரண்டு செல்லை ஏன் ஒப்பிட வேண்டும்

ஒரே செல் தரும் எண்ணை நம்ப முடியாது. மின்னழுத்தம் உயர்ந்தால், அதிர்வுத்திசை பொருந்தியதாலா, மேகம் விலகி வெளிச்சம் கூடியதாலா என்று தெரியாது. எதிரும் புதிருமான இரண்டு செல்களின் விகிதத்தை எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

ஒரு செல்லின் தளவிளைவு உணர்திறன் (பொருந்திய திசை ஒளியை உறிஞ்சுவதற்கும் செங்குத்துத் திசை ஒளியை உறிஞ்சுவதற்கும் உள்ள விகிதம்) S என்றும், வானத்துத் தளவிளைவின் அளவு (0 முதல் 1 வரை) d என்றும் வைப்போம். பொருந்திய கோணத்தில் செல் பெறும் ஒளி 1 + d(S−1)/(S+1), செங்குத்துக் கோணத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல். S = 10, d = 0.6 எனில் பின்னம் 9/11, அதை 0.6-ஆல் பெருக்கினால் 0.49. இரண்டு செல்களும் பெறுவது 1.49, 0.51, விகிதம் ஏறத்தாழ 2.9. வெளிச்சத்தை நூறு மடங்கு கூட்டினாலும் இந்த 2.9 மாறாது. S = 2 மட்டும் இருந்தால் 1.2-க்கு 0.8, விகிதம் 1.5. வெறும் குழல் வடிவம் தரும் 2-ஐ வைத்தும் காலம் தள்ளலாம். ஆனால் மங்கிய வானத்தில் அது போதாது, எனவே விளிம்புச் செல்களில் S-ஐ உயர்த்தும் எல்லா வழிகளும் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

இந்த ஒப்பீட்டைச் செய்யும் நரம்புச் செல்லை தாமஸ் லாப்ஹார்ட் 1988-இல் சுவர்க்கோழி இனமான கிரில்லஸில் பதிவு செய்தார். ஓர் அதிர்வுத்திசையில் படபடவென்று துடிப்பு கூடுகிறது, செங்குத்துத் திசையில் அடங்கிவிடுகிறது. விரும்பும் திசைகள் மூன்றே மூன்று வகை: உடலச்சிலிருந்து சுமார் 10, 60, 130 டிகிரி. தளவிளைவு 5 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலும் பதில் வருகிறது. மூன்று எண்கள் இருந்தால் எந்தக் கோணத்தையும் கணக்கிட்டுவிடலாம். பாலைவன வெட்டுக்கிளியின் நடுமூளையில், அதிர்வுத்திசைகள் வரிசையாக அடுக்கிய ஒரு வரைபடமாகவே இருப்பதை 2007-இல் ஹைன்ஸேவும் ஹோம்பெர்க்கும் கண்டார்கள்.

அதிர்வுத்திசை 180 டிகிரி சுழன்றால் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால், சூரியன் முன்னாலா பின்னாலா என்று இது மட்டும் சொல்லாது. அதற்கு வானத்தின் நிறமும் ஒளிச்செறிவும் மாறும் விதத்தைத் துணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 7: ஆய்வகத்தில் S-ஐ அளப்பது

செல்லுக்குள் கூர்மையான கண்ணாடி மின்முனையைச் செலுத்தி, ஒளி விளக்குக்கு முன் தளவிளைவு வடிகட்டியைச் சுழற்றி அளப்பது வழக்கமான முறை. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

முதலில் வடிகட்டியைப் பாருங்கள். சாதாரண போலராய்டு தாள்கள் புற ஊதாவைத் தடுத்துவிடும். தேனீ, பழ ஈ, பாலைவன எறும்பு ஆகியவற்றின் விளிம்புச் செல்கள் புற ஊதாவில்தான் வேலை செய்கின்றன. கிரில்லஸில் நீலம். புற ஊதாவைக் கடத்தும் வடிகட்டி இல்லாமல் அளந்துவிட்டு, செல்லுக்கு உணர்திறன் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்து, வடிகட்டி இல்லாமல் வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு மின்னழுத்தம் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்ளுங்கள். இது இல்லாமல் S கிடைக்காது. S என்பது மின்னழுத்தங்களின் விகிதம் அல்ல. உச்ச, தாழ் மின்னழுத்தங்களை இந்த வளைகோட்டின் வழியாக ஒளி அளவுகளாக மாற்றி, அவற்றின் விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். வளைகோடு மடக்கை வடிவில் தட்டையாவதால், நேரடி விகிதம் எப்போதும் குறைத்தே காட்டும்.

பிறகு ஒரே அளவு ஒளியை, வடிகட்டியை 10 டிகிரி வீதம் திருப்பிக் கொடுங்கள். ஒரு முழுச் சுற்றில் இரண்டு உச்சங்கள், இரண்டு பள்ளங்கள் வர வேண்டும். ஒரே ஓர் உச்சம்தான் வருகிறது என்றால், வடிகட்டி சாய்ந்திருக்கிறது, அல்லது ஒளிக்கற்றை நகர்கிறது. செல்லைக் குறை சொல்லாமல் கருவியைச் சரிசெய்யுங்கள்.

படி 8: வயல்வெளியில் பார்க்கக்கூடியது

மின்முனை இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. நீர்ப்பரப்பு பிரதிபலிக்கும் ஒளியில் அதிர்வுத்திசை கிடையாக இருக்கும். நீரில் வாழும் பூச்சிகள் பலவும், தண்ணீரைத் தேடும் தும்பிகளும் கண்ணின் கீழ்ப்பகுதியால் இந்தக் கிடை அதிர்வைத்தான் தேடுகின்றன. ருடால்ஃப் ஷ்விண்ட் 1980-களில் நோட்டோனெக்டா என்ற நீர்ப்பூச்சியில் இதை நிரூபித்தார். ஹங்கேரியில் மேஃப்ளை பூச்சிகள் காய்ந்த தார்ச்சாலையில் முட்டையிடுவதை கிரிஷ்காவும் ஹோர்வாத்தும் 1998-இல் விளக்கினார்கள். சில நேரம் கறுத்த சாலையின் தளவிளைவு, ஓடையை விடவும் அதிகம். பளபளப்பான கார் பானட்டில் தும்பி வாலைத் தட்டித் தட்டிப் பறப்பதும் இதே மயக்கம்தான்.

குளத்தங்கரையில், தும்பிகள் பறக்கும் நேரத்தில், ஒரே அளவுள்ள பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையும் பளபளப்பில்லாத கறுப்புத் துணியையும் சில மீட்டர் தள்ளி விரியுங்கள். போலராய்டு தாளால் இரண்டையும் சாய்வாகப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒரு கோணத்தில் கறுத்து மறு கோணத்தில் மின்னும், துணியில் மாற்றம் மிகக் குறைவு. எதன் மேல் எத்தனை முறை தும்பி தாழ்ந்து வாலைத் தொட்டது என்று எண்ணுங்கள். பாதி நேரம் ஆனதும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இல்லையென்றால் இடத்தின் விருப்பமும் பரப்பின் விருப்பமும் கலந்துவிடும். எண்ணி முடித்ததும் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், அதன் மேல் இட்ட முட்டைகள் வெயிலில் வீணாகும்.

சூரிய மின்தகடுகளும் பூச்சிகளை இதே போல் ஏமாற்றுகின்றன. தகட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெள்ளைக் கோடுகளால் பிரித்தால் ஈர்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று ஹோர்வாத் குழு 2010-இல் காட்டியது. உங்கள் கறுப்பு விரிப்பில் வெள்ளை டேப் ஒட்டி அதையும் சோதித்துப் பார்க்கலாம்.